முப்பத்தாறு மணி வெந்த கல்

மார்ச் 4

தம்பிக்கு,

உன்னோடு இனி பேசமாட்டேன் என்றுதான் சொன்னேன். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. அதற்காக இந்தக் கடிதத்தைச் சமாதானம் என்று எடுத்துக்கொண்டு தலைகால் புரியாமல் ஆடாதே. என் போனில் உன் எண்ணைத் தடுத்து வைத்தது வைத்தபடியே இருக்கிறது.

பொட்டலத்தில் இருப்பது கல். எங்கள் குவாரியின் கருங்கல். கம்பெனி எங்களுக்குக் கட்டுகிற நாற்பத்தெட்டு வீடுகளில் என்னுடையது பதினேழு. அதன் வாசற்படியிலிருந்து எடுத்தேன். எடுத்தேன் என்றுகூடச் சொல்லக்கூடாது. என் லோடரின் பக்கெட் லேசாக உரசியது, கையகலத்துக்குக் கழன்று வந்துவிட்டது. ஒன்பது வருடமாக இந்த வண்டியை ஓட்டுகிறேன். கருங்கல்லும் பக்கெட்டும் மோதினால் பக்கெட்டின் பல்தான் உடையும்.

படிக்கு வைத்தபோது கல் நல்ல கறுப்பு. மூன்று மாதம் வெயிலும் ஒரு மழையும் பார்த்த பிறகு இப்படிச் சாம்பல் நிறத்தில் புள்ளி புள்ளியாக வந்திருக்கிறது. ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் முடி போலக் கோடுகள். பக்கத்து அறைக்காரி (ஐந்தாம் எண் வீடு ஒதுக்கியதிலிருந்து எல்லோரும் அவளை அஞ்சாம் நம்பர் என்றுதான் கூப்பிடுகிறோம்) பார்த்துவிட்டு, "உன் வாசல்ல மட்டும் நட்சத்திரம் பூத்திருக்கு, அதிர்ஷ்டம்டி" என்றாள். மறுநாள் அவள் வாசலிலும் பூத்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

மேற்பார்வையாளரிடம் காட்டினேன். வாயில் விசிலோடு பிறந்த அதே ஆள்தான். விசிலை எடுக்காமலே, "சுண்ணாம்பு தெறிச்சிருக்கும், தேய்ச்சு விடு" என்றார். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தேன். புள்ளி போகவில்லை, கல் போனது.

பதினோரு வருடமாகத் தகரக் கொட்டகையில் இருக்கிறோம். மழை பெய்தால் உன் மாமாவும் நானும் கத்தித்தான் பேச வேண்டும், அவ்வளவு சத்தம். ஜூன் மாதம் சாவி தருகிறார்கள். அந்த வீடு நிற்குமா, நிற்காதா? அதுதான் எனக்கு வேண்டும்.

ஒரே வரியில் பதில் போதும். அந்த வரியில் கூண்டு என்ற சொல் வரக்கூடாது.

உன் அக்கா


மார்ச் 11

அக்கா,

ஒரே வரி கேட்டாய். மன்னித்துக்கொள், கல் ஒத்துழைக்கவில்லை.

அந்தச் சொல்லை நான் எழுதப்போவதில்லை. ஆனால் எட்டு மாதத்துக்கு முன்னால் உன் புது வீட்டை நான் அப்படிச் சொன்னது அதன் அளவைப் பற்றி. ஒரு குடும்பத்துக்கு ஒன்றரை அறை, அதற்கு நாற்பத்தெட்டு பேர் நின்று கை தட்டுகிறீர்களே என்று ஆத்திரம் வந்தது. நீ பதிலுக்கு என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? "நாலு கல்லைத் தேய்ச்சதும் பெரிய ஆளாயிட்டான்" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். மாமா கூடச் சிரித்தார். சரி, அதை விடு. விட்டுவிட்டேன். (விடவில்லை.)

இனி கல். நான் இங்கே என்ன செய்கிறேன் என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை, சொல்கிறேன். பாறையை வைர ரம்பத்தில் சீவி, கண்ணாடியில் ஒட்டி, தேய்த்துத் தேய்த்து, தலைமுடியைவிட மெல்லியதாக ஆக்குகிறேன். அந்தக் கனத்தில் கருங்கல் கறுப்பாக இருக்காது. வெளிச்சம் உள்ளே புகுந்து வரும். மைக்ராஸ்கோப்பில் ஒளியைக் குறுக்கே வடிகட்டிப் பார்த்தால் உன் கருங்கல் ஒரு பூந்தோட்டம். பிளாஜியோகிளேஸ் என்ற கனிமம் சாம்பலும் வெள்ளையுமாக வரிபோட்ட குச்சிகள். பைராக்சீன் ஆரஞ்சும் பழுப்பும். ஆலிவின் நீலம், பச்சை, ஊதா என்று கண்ணைப் பறிக்கும். பூமிக்கு அடியில் நூறு கிலோமீட்டர் ஆழத்தில் பாறை கொஞ்சம் உருகி, அந்தக் குழம்பு மேலே வந்து கொட்டி, அவசரமாக ஆறிப்போனால் கிடைப்பது இது. அவசரத்தில் ஆறியதால் மணிகள் பொடிப்பொடியாக, ஒன்றையொன்று கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நிற்கும். பக்கெட்டின் பல் உடைவது அதனால்தான்.

நீ அனுப்பிய கல் அப்படி இல்லை. தேய்க்கும் தட்டில் வைத்ததும் உதிர்ந்தது. இரண்டாம் துண்டும் உதிர்ந்தது. மூன்றாவதைப் பசையில் ஊறவைத்துக் காயவிட்டுத் தேய்த்தேன், நின்றது. அதில் பூக்களுக்கு நடுவே திட்டுத்திட்டாக இருட்டு. நேர் ஒளியில் கண்ணாடி போலத் தெளிவு. ஒளியைக் குறுக்கே வடிகட்டினால் கன்னங்கரேல். எப்படித் திருப்பினாலும் ஒரு நிறமும் காட்டாது. அதன் பெயர் அனால்சைம் என்று நினைக்கிறேன். சோடியமும் தண்ணீரும் உள்ள கனிமம். ஆழத்தில் பாறை மிகக் கொஞ்சமாக உருகினால், வருகிற குழம்பில் சோடியம் அதிகம், மணலின் சத்தான சிலிக்கா குறைவு. அப்படிப்பட்ட குழம்பில் இது திட்டாகத் தங்கிவிடுகிறது. வெட்டி எடுத்த அன்று ஒன்றும் தெரியாது. வெயிலும் ஈரமும் பட்டால் சில மாதத்தில் புள்ளி, புள்ளியிலிருந்து விரிசல், பிறகு சரளை. கட்டடக்காரர்கள் இதை வெயில் சுட்ட கல் என்பார்கள்.

நினைக்கிறேன் என்றுதான் சொல்ல முடியும், ஏனென்றால் நான் வெட்டுகிறவன், பார்க்கிறவன் இல்லை. பெரிய மைக்ராஸ்கோப் பூட்டியிருக்கிறது, சாவி எங்கள் ஆய்வுக்கூடத் தலைவரின் சட்டைப் பையில். நான் பார்த்தது மாணவர்களின் பழைய கருவியில், மதியச் சாப்பாட்டு நேரத்தில், திருட்டுத்தனமாக. கல்லைத் தேய்க்கிறவனுக்குக் கண் உண்டு என்பதை இங்கே யாரும் ஏற்றுக்கொண்டதில்லை.

நீயே உறுதி செய்துகொள்ளலாம். கல்லை வேகவை. விளையாடவில்லை. முப்பத்தாறு மணி நேரம், சுத்தமான தண்ணீரில், நிறுத்தாமல். வெயில் சுட்ட கல்லாக இருந்தால் மூன்று மாதத்தில் வருகிற புள்ளி அதற்குள் வந்துவிடும். குவாரியின் எந்த இடத்துக் கல் என்று குறித்துக்கொண்டு, இடத்துக்குப் பன்னிரண்டு எடு.

தம்பி


மார்ச் 17

தம்பிக்கு,

கல்லை வேகவைத்தவள் என்ற பட்டம் உன்னால் எனக்குக் கிடைத்துவிட்டது. இனி சாகிறவரை போகாது.

கூட்டுச் சமையலுக்கு வைத்திருக்கும் பெரிய அண்டாவைக் கேட்டேன். எதற்கு என்றார்கள். சொன்னேன். கொட்டகையே திரும்பிப் பார்த்தது. பிறகு உன் மாமா சொன்னார்: "எட்டு மாசம் தம்பிகிட்ட பேசாம இருந்ததுல மூளை கலங்கிடுச்சு." ஆனால் அடுப்பை மூட்டியது அவர்தான். பாறையில் துளை போடுகிற கை என்பதால் விறகையும் அளவாக அடுக்கினார். முறை வைத்துத் தீயைப் பார்த்துக்கொண்டோம். போகிற வருகிறவர்கள் எல்லாம் மூடியைத் திறந்து, "வெந்துருச்சா?", "உப்பு போட்டியா?", "எனக்கு ஒரு கரண்டி" என்று உயிரை எடுத்தார்கள். அஞ்சாம் நம்பர் ஒரு குச்சியால் குத்திப் பார்த்து, "இன்னும் நடுவுல பச்சையா இருக்கு" என்றாள்.

பிறகு அவள் சிரிக்கவில்லை.

எங்கள் குவாரிச் சுவரின் நடுவே ஆள் உயரத்துக்குச் சிவப்புப் பட்டை ஒன்று ஓடும், நீ பார்த்திருக்கிறாய். அதற்கு மேலே ஓர் அடுக்கு, கீழே ஓர் அடுக்கு. மேல் அடுக்குக் கல் பன்னிரண்டு போட்டேன்: ஒன்றுகூட முகம் மாறவில்லை. கீழ் அடுக்குக் கல் பன்னிரண்டு: ஒன்பதில் நட்சத்திரம். இரண்டைக் கையால் நசுக்கினேன்.

மேல் அடுக்குக் கல் லாரியில் துறைமுகத்துக்குப் போகிறது, அலைத் தடுப்புக்கு. நான்தான் ஏற்றி விடுகிறேன். வீடுகளுக்குக் கீழ் அடுக்கு. பக்கத்திலேயே கிடக்கிறது, ஏற்றி இறக்கும் வேலை மிச்சம் என்றார்கள். எங்களுக்கும் அப்போது சரி என்றுதான் பட்டது. கல் எல்லாம் கல்தானே.

இப்போது கேள். இந்தச் செய்தி யாருக்கும் பிடிக்கவில்லை. என்னைக் கண்டால் பேச்சை நிறுத்துகிறார்கள். ஒருத்தர் நேராகவே கேட்டார்: "ஜூன்ல சாவி வர்ற நேரத்துல இதெல்லாம் தேவையா? பத்து வருசம் நிக்கும்ல? அது போதும்." அவர் மூன்று பிள்ளைகளோடு தகரத்தின் கீழ் இருக்கிறவர். அவரிடம் நான் என்ன சொல்வது? அனால்சைம் என்றா?

விசிலிடம் வெந்த கல்லைக் கொண்டுபோய் மேசைமேல் வைத்தேன். முதல்முறையாக வாயிலிருந்து விசிலை எடுத்தார். எடுத்து, அலமாரியிலிருந்து ஒரு காகிதத்தை என் முன்னால் வீசினார். "நீ கல்லை வேகவை, சுட்டுத் தின்னு, எனக்கென்ன? இதைப் படி. படிக்கத் தெரியும்ல?"

படித்தேன். இரண்டு வருடத்துக்கு முந்தைய ஆய்வு அறிக்கை. கீழ் அடுக்குக் கல், கட்டடத்துக்கு ஏற்றது, குறை ஏதும் இல்லை. அறிக்கை எண் 212. உங்கள் ஆய்வுக்கூடத்தின் முத்திரை. அடியில், ஸ்லைடு தயாரித்தவர் என்ற இடத்தில் ஒரு கையெழுத்து. தலை பெரிதாகவும் வால் நீளமாகவும். பள்ளிக்கூட நோட்டிலெல்லாம் நீ போட்டுப் பழகிய அதே தவளைக்குஞ்சு.

நீயா?

அக்கா


மார்ச் 22

அக்கா,

நான்தான்.

உன் கடிதம் வந்த அன்று ஸ்லைடு அலமாரியைத் திறந்தேன். 212. கண்ணாடி ஓரத்தில் நானே வைர ஊசியால் கீறிய எண். மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். அழகு. பூந்தோட்டம். ஓர் இருட்டுத் திட்டுகூட இல்லை. அரை மணி நேரம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று வெட்கத்தோடு சொல்கிறேன். கம்பெனிக்காரன் மேல் அடுக்குக் கல்லை அனுப்பி ஏமாற்றிவிட்டான் என்று நினைத்தேன். யார் யாரை எப்படித் திட்டுவது என்று மனத்தில் பட்டியலே போட்டேன்.

பிறகு கிடங்கில் போய் மிச்ச மாதிரிப் பையைத் தேடி எடுத்தேன். அவன் ஏமாற்றவில்லை. கீழ் அடுக்கிலிருந்து ஆறு கல் ஒழுங்காகத்தான் அனுப்பியிருக்கிறான். பையில் ஐந்து இருந்தது. இருந்தது என்றால், சரளையாக.

அப்போது நினைவு வந்தது. அந்த ஆறும் எங்கள் அலமாரியில் மூன்று மாதம் கிடந்தன. நான் வெட்ட எடுத்தபோது முதல் கல் தட்டில் உதிர்ந்தது. அடுத்ததை எடுத்தேன், அதுவும். ஐந்து கல்லைக் கெடுத்து, ஆறாவது கல்லின் ஒரு கெட்டியான மூலையில் ஸ்லைடு பிடித்தேன். அன்று எனக்குப் பாராட்டு, அக்கா. "இவன் கையில வந்தா எந்தக் கல்லும் ஸ்லைடு ஆயிடும்" என்றார் தலைவர்.

புரிகிறதா? உடையாத துண்டைத் தேடி எடுப்பதுதான் எங்கள் தொழிலின் சாமர்த்தியம். ஒரு கல்லின் நோயைக் கண்டுபிடிக்கச் சொல்லி என்னிடம் தருகிறார்கள்; நான் அதில் நோய் இல்லாத இடமாகப் பார்த்துக் கண்ணாடியில் ஒட்டித் தருகிறேன். உதிர்ந்ததுதான் பதில். தட்டில் விழுந்த அந்தப் பொடியை நான் கூட்டிக் குப்பைக்கூடையில் போட்டேன், மிச்சத்தைப் பையில் கட்டிவைத்தேன். யாரும் பொய் சொல்லவில்லை. தலைவர் பார்த்த ஸ்லைடு நல்ல ஸ்லைடு, அவர் எழுதியது சரி. கம்பெனி நம்பியதும் சரி. எல்லோரும் ஒழுங்காக வேலை பார்த்து நாற்பத்தெட்டு குடும்பத்துக்கு உதிர்கிற சுவர் கட்டிவிட்டோம்.

தலைவரிடம் போனேன். சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னால போன அறிக்கை. இப்ப அதைக் கிளறினா ஆய்வுக்கூடத்துக்கு என்ன பேரு வரும், தெரியுமா?"

"கிளறலைன்னா வீடு வரும் சார். தலைமேல."

"நீ வெட்டுற வேலையைப் பாரு. பார்க்கிற வேலையை நான் பார்த்துக்கிறேன்."

"அதைத்தான் சார் ரெண்டு பேரும் செஞ்சோம்."

அதோடு வெளியே போகச் சொல்லிவிட்டார். அநேகமாக வேலை போய்விடும். போகட்டும். நானே எழுதிக் கொடுத்துவிட்டு வரலாமா என்று பார்க்கிறேன். கடலுக்கு நல்ல கல்லும், அதை உடைத்துத் தருகிறவர்களுக்கு உதிர்கிற கல்லும் போகிற உலகத்தில், அதற்கு முத்திரை குத்துகிற இடத்தில் உட்கார்ந்து சம்பளம் வாங்க எனக்கு உடம்பு கூசுகிறது.

எட்டு மாதத்துக்கு முன்னால் உன் வீட்டை ஒரு சொல் சொன்னேன். அந்தச் சொல்லுக்கு உரிய பொருள்கூட இரண்டு மழைக்கு நிற்கும். நான் செய்துவைத்தது அதற்கும் கீழே.

என்ன செய்யட்டும், சொல்.

தம்பி


மார்ச் 26

தம்பிக்கு,

முதலில் ஒன்று. ராஜினாமா எழுதினாயானால் உன் காலை உடைப்பேன். நீ வேலையை விட்டால் உனக்கு உடம்பு கூசுவது நிற்கும். எனக்குச் சுவர் நிற்குமா? எங்களுக்கு இப்போது அந்த முத்திரைக்குள்ளே ஓர் ஆள் வேண்டும். கோபப்பட இங்கேயே நாற்பத்தெட்டு குடும்பம் இருக்கிறது, நீ எண்ணிக்கைக்குத் தேவையில்லை.

இரண்டாவது, உன் கடிதத்தைச் சத்தமாகப் படித்தேன். எல்லோருக்கும். உனக்குக் கோபம் வந்தால் வரட்டும். சரளைப் பை வரைக்கும் வந்தபோது கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன், உன் மாமா எடுத்து மீதியைப் படித்தார். பத்து வருடம் போதும் என்றாரே, அந்த மூன்று பிள்ளைக்காரர், கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்: "தப்பு பண்ணினேன்னு அவனே எழுதியிருக்கானா? கையெழுத்துப் போட்டு?" ஆமாம் என்றேன். "அப்ப நெசம்தான்" என்று எழுந்து போய் அண்டாவைத் தூக்கி வந்தார். உன்னை நம்புகிறார்கள் என்று எடுத்துக்கொள்ளாதே. ஒரு மனிதன் தானாக முன்வந்து தன்னைக் கழுதை என்று சொல்லிக்கொண்டால் அதில் விஷயம் இருக்கும் என்று நினைக்கிறார்கள்.

அண்டாவை அலுவலகத்துக்கு முன்னால் வைத்தோம். அலுவலக வாசலில், மேலாளரின் ஜன்னலுக்கு நேர் கீழே. ஒரு பக்கம் மேல் அடுக்கு, இன்னொரு பக்கம் கீழ் அடுக்கு, கம்பி வலை போட்டுப் பிரித்து. விசில் ஊதி ஊதிப் பார்த்தார். அஞ்சாம் நம்பர் சொன்னாள்: "ஊதுங்க, தீ நல்லாப் பிடிக்கும்."

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒன்றும் செய்யவில்லை. லோடரைத் துறைமுக லாரிக்கு முன்னால் கொண்டுபோய், பக்கெட்டை உயர்த்தி நிறுத்தி, இறங்கிவிட்டேன். மேல் அடுக்குக் கல் நிறைய இருந்தது பக்கெட்டில். "ஏன் இறக்கலை?" என்று ஓட்டுநர் கத்தினார். "வேகுதான்னு பார்த்துட்டு இறக்குறேன்" என்றேன். முப்பத்தாறு மணி நேரம் லாரிகள் நின்றன. துறைமுகத்திலிருந்து போன் மேல் போன்.

மேலாளர் கடைசியில் இறங்கி வந்தார். அவரே கரண்டி விட்டு இரண்டு பக்கத்திலும் ஒவ்வொன்று எடுத்தார். கீழ் அடுக்குக் கல் கரண்டியிலேயே இரண்டாகப் பிளந்தது. சத்தம்கூட வரவில்லை. அவர் நிமிர்ந்து எங்களைப் பார்க்கவில்லை. தன் அலுவலகத்தின் முகப்பைப் பார்த்தார். ஆறு மாதத்துக்கு முன்னால் புதுப்பித்த முகப்பு. அதே கீழ் அடுக்குக் கல், பளபளவென்று மெருகேற்றி. அப்போதுதான் நாங்களும் பார்த்தோம். வெயில் விழுகிற பக்கம் முழுக்க நட்சத்திரம்.

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும். விசில் கூட, வாயில் விசில் இருந்ததால் அவர் சிரித்தது கீச்சென்று கேட்டுவிட்டது.

ஆனால் மேலாளர் விவரமானவர். "வேகவெச்சதை வெச்சு என்னால மேலிடத்துல பேச முடியாது. 212 தப்புன்னு அதே ஆய்வுக்கூடம் எழுதித் தரட்டும். தந்தா மேல் அடுக்குக் கல்லு தர்றேன். தரலைன்னா ஜூன்ல இதே வீடுதான்" என்றார்.

ஆகவே காகிதம் வேண்டும். முத்திரையோடு, ஏப்ரல் பத்துக்குள். உன் தலைவர் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுக்க வைப்பது உன் பாடு. கத்தாதே. நீ கத்தினால் கேட்கிறவர்களுக்கு உன் கத்தல்தான் நினைவிருக்கும், விஷயம் மறந்துவிடும். எனக்குத் தெரியும், நான் கேட்டிருக்கிறேன்.

வேலை போனால் இங்கே வந்துவிடு. கல் சுமக்க ஆள் தேவைப்படும்.

அக்கா


ஏப்ரல் 6

அக்கா,

உறையை உடைத்ததும் முதலில் விழுந்திருக்கும் காகிதம்தான் அது. கசக்காதே. முத்திரை மூலையில் இருக்கிறது, ஈரக்கை படாமல் பார்.

கத்தவில்லை. என் வாழ்க்கையில் இவ்வளவு கஷ்டப்பட்ட வேலை வேறு இல்லை.

கிடங்கிலிருந்து 212-இன் சரளைப் பையை எடுத்து வந்தேன். நீ அனுப்பிய கல்லின் ஸ்லைடையும் எடுத்துக்கொண்டேன். காலையில் தலைவர் வருவதற்கு முன் இரண்டையும் அவர் மேசையில் வைத்து, பக்கத்தில் நின்றுகொண்டேன். வந்தார். பார்த்தார். "என்ன இது?" என்றார். "பார்க்கிற வேலை சார்" என்றேன். அவ்வளவுதான். நீ சொன்னபடி வாயை மூடிக்கொண்டேன். உள்ளே நாக்கைக் கடித்ததில் ரத்தமே வந்தது.

பையைப் பிரித்து, ஒரு பிடி சரளையை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தார். பிறகு சாவியை எடுத்தார். பெரிய மைக்ராஸ்கோப்பில் பசையில் நிறுத்திய ஸ்லைடை வைத்து, குறுக்கே ஒளியை வடிகட்டி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். இருட்டுத் திட்டு இருட்டாகவே நின்றது.

"அனால்சைம்" என்றார். அந்தச் சொல்லை அவர் வாயால் கேட்க எனக்கு ஏன் அவ்வளவு மகிழ்ச்சி என்று தெரியவில்லை. பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டார்: "இது மாதிரி உடைஞ்சதைத் தூக்கிப் போட்டுட்டு எத்தனை ஸ்லைடு பண்ணியிருக்கே?"

"எல்லாமே சார்."

"நாலு வருஷமாவா?"

"எனக்கு முன்னாடி இருந்தவரும் சார். அவர்கிட்டதான் கத்துக்கிட்டேன்."

நாற்காலியில் சாய்ந்துவிட்டார். பாவமாக இருந்தது, நிஜமாகவே. கெட்டவர் இல்லை. கல்லைப் பற்றி முப்பது வருடமாக யோசித்திருக்கிறார். அது தன் மேசைக்கு எப்படி வந்து சேர்கிறது என்று ஒரு நிமிடமும் யோசித்ததில்லை. நானும் ஒன்றும் பெரிய ஒழுங்கில்லை. நாலு வருடமாக எல்லோரையும் திட்டிக்கொண்டே குப்பைக்கூடையில் பதிலைப் போட்டுக்கொண்டிருந்தவன்தானே.

காகிதத்தில் அவர் தன் கையெழுத்தைப் போட்டுவிட்டு, பேனாவை என்னிடம் நீட்டினார். தயாரித்தவர் என்ற இடத்தில் தவளைக்குஞ்சைப் போட்டேன். மாதிரித் தேர்வில் பிழை என்று தெளிவாக எழுதியிருக்கிறது. யார் பிழை என்றும்.

வேலை போகவில்லை. அதைவிட மோசம். வெவ்வேறு குவாரிகளின் அறுபத்து மூன்று பழைய மாதிரிகளை மறுபடி வெட்டச் சொல்லிவிட்டார். இனி ஒவ்வோர் அறிக்கையிலும் ஒரு புதுக் கட்டம் உண்டு: தேய்க்கும்போது உதிர்ந்தவை எத்தனை. பக்கத்திலேயே ஒரு சின்ன மைக்ராஸ்கோப்பும் எனக்கு வந்திருக்கிறது, பூட்டில்லாமல். நேற்று மூன்று கல் வெட்டினேன், இரண்டு நல்லவை. இன்னும் அறுபது. என் நகத்தில் எல்லாம் சாணைப் பொடி. ஆனால் அக்கா, வாயில் பாட்டு வருகிறது. பக்கத்து அறையில் புகார் செய்திருக்கிறார்கள்.

உன் சிவப்புப் பட்டையைப் பற்றி ஒன்று. அது பழைய மண். முதல் குழம்பு கொட்டி ஆறி, அதன்மேல் மண் சேர்ந்து, நீண்ட காலம் கழித்து இரண்டாவது குழம்பு வந்து அந்த மண்ணைச் சுட்டுச் செங்கல் போலச் சிவப்பாக்கியிருக்கிறது. மலை ஒன்றுதான், அடியில் உருகிய விதம் வேறு. முதல் தடவை கொஞ்சம்தான் உருகியது, அது கீழ் அடுக்கு. இரண்டாம் தடவை நன்றாக உருகியது. அதனால் அதில் எல்லாம் கெட்டி. இந்தப் பட்டையைப் பார்த்தாலே யாரும் கேட்டிருக்க வேண்டும், மேலும் கீழும் ஒரே கல்லா என்று. உன்னைத் தவிர யாரும் கேட்கவில்லை.

தம்பி

பி.கு. மாமாவை இனி என் கடிதத்தைச் சத்தமாகப் படிக்க வேண்டாம் என்று சொல். அவர் எனக்குக் குரல் கொடுத்து நடித்துக் காட்டினார் என்று கேள்விப்பட்டேன். எப்படி என்று கேட்காதே. அஞ்சாம் நம்பர் என் எண்ணை வாங்கிவிட்டாள்.


மே 20

தம்பிக்கு,

பதில் தாமதம். உன்னைப் போல உட்கார்ந்து வெட்டுகிற வேலை இல்லை எனக்கு.

காகிதத்தை மேலாளர் இரண்டு முறை படித்தார். சொன்ன வாக்கை முழுதாகக் காப்பாற்றினார் என்று நினைத்துவிடாதே. மேல் அடுக்குக் கல் உண்டு; ஆனால் பின்பக்க மதில் கிடையாது, வாசலுக்கு மேலே வருவதாக இருந்த சாய்ப்பும் கிடையாது என்றார். அதற்கு மூன்று நாள் சண்டை. சாய்ப்பு கிடைத்தது. மதில் போனது. போகட்டும், பக்கத்து வீட்டுக்கு வரப்போகிறவளும் நானும் மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்துத்தான் பேசியிருப்போம், இனி எட்ட வேண்டாம்.

பழைய சுவர்களை நானே இடித்தேன். பக்கெட்டால் தள்ளினால் போதும், சாய்ந்தன. எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். என் பதினேழாம் எண்ணை இடிக்கிற முறை வந்தபோது என்ஜினை நிறுத்திவிட்டு இரண்டு நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஜன்னலில் எந்தப் பக்கம் கண்ணாடி மாட்டுவது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். உன் மாமா ஏறி வந்து பக்கத்தில் நின்றார். "தள்ளு. இது நிக்காதுன்னு தெரிஞ்சபிறகு எதுக்கு மரியாதை?" என்றார். தள்ளினேன். சரளை. உன் பையில் இருந்த மாதிரியே இருக்கும் என்று நினைக்கிறேன்.

சாவி ஜூனில் இல்லை, டிசம்பரில். ஒரு மழைக்காலம் இன்னும் தகரத்தின் கீழ். மழை வந்தால் கத்திப் பேசிக்கொள்கிறோம், ஆனால் இப்போது கத்துவதெல்லாம் எந்தச் சுவரில் எந்த அலமாரி என்றுதான். மூன்று பிள்ளைக்காரர் வருகிற ஒவ்வொரு லோடு கல்லிலும் ஒன்றை எடுத்து அண்டாவில் போட்டுவிடுகிறார். யாரும் கேட்கவில்லை, அவராகவே. அண்டாவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, புள்ளி வருகிறதா என்று மூக்கு நுனி நனையக் குனிந்து பார்க்கிறார். விசில் அவருக்குத் தேநீர் கொண்டுவந்து தருகிறார். அலுவலக முகப்பு இன்னும் அப்படியே நட்சத்திரத்தோடு நிற்கிறது. மாற்றுவதற்கு மேலிடத்தின் அனுமதி வரவில்லையாம். தினமும் ஒரு விரற்கடை உதிர்கிறது. வாசலைக் கூட்டுகிறவள் கணக்கு வைத்திருக்கிறாள்.

உன் அறுபத்து மூன்றில் எத்தனை கெட்டது என்று எழுது. அந்தக் குவாரிகளிலும் யாராவது ஒருத்தி லோடர் ஓட்டிக்கொண்டிருப்பாள். அவளுக்கு அண்டா எவ்வளவு பெரிதாக வேண்டும் என்று நான் எழுதித் தருகிறேன்.

வாசற்படிக்கு ஒரு கல் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். முதல் நாள் வேகவைத்த மேல் அடுக்குத் துண்டு எந்தப் பாறையிலிருந்து வந்ததோ, அதே பாறையில் வெட்டியது. முப்பத்தாறு மணி வெந்தும் முகம் மாறாதது. அதை வைக்கிற நாள் வருகிற ஞாயிற்றுக்கிழமை. மூன்று ஆள் கனம். இரண்டு பேர் இருக்கிறோம், நானும் உன் மாமாவும்.

பேசமாட்டேன் என்று சொன்னது சொன்னதுதான். நீ வந்து வலது மூலையைப் பிடி. இறக்கும்போது உன் காலைக் கவனி, நீ எப்போதும் காலைக் கல்லுக்கு அடியில்தான் வைப்பாய். வைத்தால் கத்துவேன். அது பேச்சில் சேராது.

அக்கா